மண்குதிரையை நம்பி இறங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் குடியிருக்கிறேன். இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. என் கணவர் வீட்டார் வில்லியனூரில் பரம்பரையாகச் சுடுமண் வேலை செய்பவர்கள். மாமனாரும் கொழுந்தனாரும் ஐயனார் குதிரை, யானை, தொங்கு விளக்கு, சுவரில் மாட்டும் முகம், கொலு பொம்மை எல்லாம் செய்வார்கள். டவுனில் டூரிஸ்டுகள் வரும் கடைகளுக்கு மொத்தமாகப் போடுகிறோம். நாங்கள் 400 ரூபாய்க்குக் கொடுக்கும் குதிரை அங்கே 1,200 ரூபாய்க்கு விற்கிறது. அந்த 800 ரூபாய் நமக்கே வந்தால் என்ன என்றுதான் ஆன்லைன் யோசனை வந்தது. இன்ஸ்டாகிராமில் படம் போட்டேன். சென்னை, பெங்களூரிலிருந்து கேட்கிறார்கள். அனுப்பியதில் சில உடைந்துபோய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வெப்சைட் செய்து தர ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். ஜிஎஸ்டி எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், வேண்டாம் என்று இன்னொருவர் சொல்கிறார். அமேசானில் போடலாமா? எங்கிருந்து தொடங்குவது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்று என் அண்ணன் கேலி செய்கிறார்.

– வாசகி, மேட்டுப்பாளையம், புதுச்சேரி – 9

பதில்: முதலில் அந்த 60,000 ரூபாய். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அதில் ஒரு சிறு பங்கை எடுத்து அட்டைப்பெட்டி வாங்குங்கள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. ஆன்லைன் கடை போடுகிறவர்கள் பலரும் பெயர், லோகோ, வெப்சைட் என்று முன்வாசலிலிருந்து தொடங்குகிறார்கள். உடையும் பொருளை விற்கிறவர் பின்வாசலிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பெட்டி என்று முடிவானால்தான் கூரியர் செலவு தெரியும். கூரியர் செலவு தெரிந்தால்தான் விலை போட முடியும். விலை போட்டுப் பார்த்தால்தான் எதை ஆன்லைனில் வைப்பது, எதை டவுன் கடைக்கே விட்டுவிடுவது என்று புரியும். வெப்சைட் அதற்கப்புறம் வருகிற விஷயம். நீங்கள் டெஸ்பாட்சில் வேலை பார்ப்பவர். மாமனாரின் கைத்திறனுக்கு அடுத்தபடியாக இந்தத் தொழிலுக்கு வேண்டியது அந்த அனுபவம்தான். கடிதத்தில் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

உங்கள் கம்பெனியில் லாரியில் ஏறும் சரக்குக்கும் கூரியரில் போகும் சரக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பெரும்பாலான கம்பெனிகளின் கணக்கு. அப்படி வரும் எண், உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் குதிரை ஒன்றரைக் கிலோகூட இருக்காது. ஆனால் அது பத்திரமாகப் போய்ச் சேர 35×25×25 செ.மீ. பெட்டி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 21,875. வகுத்தால் 4.375. அரைக்கிலோ கணக்கில் மேலே தூக்கி நாலரைக் கிலோவுக்குப் பணம் வாங்குவார்கள். ஒன்றரைக் கிலோ மண்ணுக்கும் மூன்று கிலோ காற்றுக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். அதே நேரத்தில் ஒரு ஜோடி சிறு விளக்கு 20×15×10 செ.மீ. பெட்டியில் அடங்கிவிடும். கணக்குப்படி 0.6, அதாவது ஒரு கிலோ ஸ்லாபுக்குள் முடிந்துவிடும். பார்க்கக் குதிரைதான் அழகு. கடையை நடத்தப் போவது விளக்கு.

பெட்டியைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பார்சல் சோதனைக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் இஸ்டா விதிமுறையில், ஒன்பது, ஒன்பதரைக் கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை கீழே போடச் சொல்வார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, ஆறு பக்கம். சாப்பாட்டு மேசை உயரம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நிறம் மங்கியது, சூளையில் கோணியது என்று விற்காமல் ஒதுக்கிய உருப்படிகள் மாமனார் வீட்டில் கிடக்கும் அல்லவா, அவற்றை எடுத்துப் பெட்டியில் கட்டிப் போட்டுப் பாருங்கள். குதிரையில் முதலில் போவது காது, பிறகு கால். பெரும்பாலும் உடைவது பெட்டியின் சுவரில் இடித்து அல்ல. உள்ளே இடம் விட்டுப்போய், பொருள் தானே ஆடி உடைகிறது. அதனால் பெட்டிக்குள் பெட்டி. உள்ளே குதிரையின் நான்கு காலுக்கும் நடுவிலும் கழுத்துக்குக் கீழேயும் கசக்கிய காகிதத்தை இறுக்கித் திணித்து, உள்பெட்டியை மூடிக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. வெளிப்பெட்டி ஐந்தடுக்கு நெளி அட்டையாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அளவாவது மெத்தை வேண்டும். அந்தக் காலத்தில் பானை வண்டியில் வைக்கோல் போட்டதும் இதற்காகத்தான். ஆனால் வைக்கோலைப் பார்சலில் போடாதீர்கள். ஈரம் இழுக்கும், பூச்சி வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, இத்தாலியிலிருந்து கடல் கடந்து வந்த மண்கலங்களும் ஒயின் சாடிகளும் கிடைத்தன. உங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில்தான். கிடைத்தது பெரும்பாலும் சில்லுகள். அந்த வியாபாரிகளும் சேதாரத்துக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்களும் வையுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள 400 ரூபாய், 1,200 ரூபாய் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை மாதிரிக்காக நான் போடும் எண்கள், உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டி, மெத்தை, டேப் 70 ரூபாய். கூரியர் 280. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே இரண்டு சதவீதம் எடுத்தால் 24. இருபதுக்கு ஒன்று உடைந்தால் அதன் பாரம் ஒவ்வொரு குதிரை மேலும் 38 ரூபாய். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓட்டினால் ஓர் ஆர்டருக்கு 150 என்று வையுங்கள். 1,200-இல் குதிரையின் விலை 400-உம் இதெல்லாமும் போய்க் கையில் நிற்பது 238 ரூபாய். டவுன் கடைக்காரர் 800 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று நினைத்தீர்களே, அவருக்கும் வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில், விற்காமல் அலமாரியில் நிற்கும் சரக்கு எல்லாம் உண்டு. அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய குதிரையைத் தொடர்ந்து விற்றுத் தரப் போகிறவர் அவர்தான்.

இந்த 238 ரூபாயையும் தின்றுவிடும் ஒன்று உண்டு: கேஷ் ஆன் டெலிவரி. 2010-இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்து நாடெங்கும் பரவிய பழக்கம் அது. கார்டும் நம்பிக்கையும் இல்லாத காலத்தில் அதற்குத் தேவை இருந்தது. இன்று யுபிஐ இல்லாத பெட்டிக்கடை இல்லை. பத்துக் குதிரையை இப்படி அனுப்பி, மூன்று பேர் கதவைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். போன கூரியர் 280, திரும்பி வரும் கூரியரும் ஏறக்குறைய அவ்வளவு, பெட்டி 70, விளம்பரம் 150. ஒன்றுக்கு 780 வீதம் மூன்றுக்கு 2,340 ரூபாய் நஷ்டம். விற்ற ஏழில் வந்த லாபம் 1,666. இரண்டு முறை பயணம் செய்த குதிரையின் காது இருக்குமா என்பது தனிக்கதை. ஆகவே முன்பணம் மட்டும். ‘ஆர்டர் குறையுமே’ என்பீர்கள். குறையட்டும்.

இனி ஜிஎஸ்டி. ஒருவர் எடு என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்றவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்கலாம். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. புதுச்சேரி அந்த உயர்வை ஏற்கவில்லை. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில் விலக்கி வைக்கப்பட்ட பட்டியலில் புதுச்சேரியும் உண்டு. இங்கே வரம்பு 20 லட்சம்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் எல்லைக்கோடு. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்பது பொதுவிதி. தமிழ்நாட்டில் ஒருவர் சென்னை முதல் கன்னியாகுமரி வரை விற்றாலும் அது உள்மாநில வியாபாரம். உங்களுக்கோ கோட்டக்குப்பமே வெளிமாநிலம். பைக்கில் அரைமணி நேரம்கூட ஆகாத ஊர். விழுப்புரம், திண்டிவனம், கடலூர் எல்லாமே அப்படித்தான். மாறாக 800 கிலோமீட்டருக்கும் மேலே, காக்கிநாடா பக்கம் இருந்தாலும் புதுச்சேரியைச் சேர்ந்த ஏனாமுக்கு அனுப்பினால் உள்மாநில விற்பனை. கேரளத்துக்கு நடுவில் இருக்கும் மாஹேவுக்கும் அப்படியே. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் உங்கள் பில் புத்தகத்தில் வந்து நிற்கிறது.

பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. 605 என்று தொடங்குவது புதுச்சேரிக்கு மட்டும் உரியது அல்ல: ஆரோவில் 605101, கோட்டக்குப்பம் 605104, விழுப்புரம் 605602, மூன்றும் தமிழ்நாட்டு முகவரி. ஏனாமின் எண் ஆந்திரா போல 533 என்றும், மாஹேயின் எண் கேரளா போல 673 என்றும் தொடங்கும். எனவே ஆர்டர் படிவத்தில் மாநிலத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். வரி போடுவதற்கு முன் ஒருமுறை நீங்களே பாருங்கள். ‘பாண்டி பக்கம்தான்’ என்று சொல்லிவிட்டு ஆரோவில் முகவரி கொடுப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள்.

உங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. கைவினைப் பொருள் விற்பவர் வெளிமாநிலத்துக்கு விற்றாலும், மொத்த விற்றுமுதல் அந்த 20 லட்சம் வரம்புக்குள் இருந்தால் பதிவிலிருந்து விலக்கு உண்டு. 2018 அக்டோபரில் வந்த அறிவிப்பு அது. சுடுமண் சிற்பங்களும் அலங்காரப் பொருள்களும் பெரும்பாலும் கையால் செய்தவையாக இருந்தால் அதில் அடங்கும். நிபந்தனை இரண்டு. பான் எண் இருக்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்குக்கு, அதன் மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இ-வே பில் எடுக்க வேண்டும். மற்ற வியாபாரிகளுக்கு 50,000 ரூபாய்க்கு மேல்தான் அந்தத் தொல்லை. உங்களுக்கு 500 ரூபாய் சுவர் முகத்துக்கும் உண்டு. மண்பானையும் அகல் விளக்கும் வரியே இல்லாத சரக்கு. ஆனால் அவை மட்டும் விற்று உங்கள் கடை ஓடாது.

என் அபிப்பிராயம் இது. மாதம் பத்துப் பதினைந்து பார்சல் வரை விலக்கில் ஓட்டுங்கள். அதற்கு மேல் போனால் தானாகப் பதிவு செய்துவிடுங்கள். பார்சலுக்கு ஒரு இ-வே பில் போட்டுக்கொண்டிருப்பதைவிடக் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுவது எளிது. பதியும்போது யாராவது ‘காம்போசிஷன் போங்க, வரி கம்மி’ என்பார்கள். அந்தத் திட்டத்தில் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. கோட்டக்குப்பத்துக்கு முன்பே கதை முடிந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வில்லியனூரிலோ டவுனிலோ ஒரு கணக்கரிடம் உங்கள் பொருள் பட்டியலைக் காட்டி, எதற்கு எந்த எச்எஸ்என் எண், எவ்வளவு வரி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பல விகிதங்கள் மாறிவிட்டன. பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

அமேசான் பற்றிக் கேட்டீர்கள். சிறு வியாபாரிகள் பதிவில்லாமலே பெரிய தளங்களில் விற்கலாம் என்று 2023 அக்டோபரில் ஒரு தளர்வு வந்தது. உள்மாநிலத்துக்குள் மட்டும் விற்றால்தான் அது செல்லும். தமிழ்நாட்டு வியாபாரிக்கு அது பெரிய கதவு. உங்களுக்கோ புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். ஆகவே அங்கே போவதானால் ஜிஎஸ்டி எடுத்துவிட்டுத்தான். போனாலும் விளக்கு, சுவர் முகம் போன்ற சிறு உருப்படிகளை மட்டும் வையுங்கள். அங்கே கமிஷன் போக, திருப்பி அனுப்பும் விதி அவர்களுடையது. உடைந்த பொருளுக்கு யார் பொறுப்பு என்று வாதாட உங்களுக்கு நேரம் இருக்காது. கைவினைஞர்களுக்கென்றே ஜவுளி அமைச்சகம் நடத்தும் ‘இந்தியாஹேண்ட்மேட்’ தளமும் இருக்கிறது. மாமனார் பெயரில் கைவினைஞர் அடையாள அட்டை, அதாவது பெஹ்சான் கார்டு, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள். கண்காட்சிக்கும் கடனுக்கும் அதுதான் கேட்பார்கள்.

வில்லியனூர் என்ற பெயருக்கே ஒரு மதிப்பு இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வில்லியனூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தது என்பதற்காக ஊர்க்காரர் எல்லாரும் முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று மாமனார் பதிய வேண்டும். 2020-இல் விதியைத் திருத்தி, அதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய்க்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது.

உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு மேட்டுப்பாளையம் என்றால் ஊட்டி ரயில் ஏறும் இடம், கோவை மாவட்டம், 641301. திரும்பி வரும் பார்சல் அங்கே போய்ச் சுற்றிவிட்டு வரும். கூரியர் பதிவில் எடுக்கும் முகவரி, திருப்பும் முகவரி இரண்டிலும் ‘புதுச்சேரி – 605009’ என்பது முதல் வரியிலேயே தெரியட்டும். கடையின் பெயரில் மேட்டுப்பாளையம் வேண்டாம்.

அடுத்து, பலரும் கோட்டைவிடும் விஷயம்: பருவம். உங்கள் சரக்குக்குத் தேவை எப்போது? பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரிக் கொலு, கார்த்திகை தீபம், பிறகு பொங்கல் பானை. ஆவணி முதல் தை வரை. மாமனாரைக் கேட்டுப் பாருங்கள், வேலை எப்போது நிற்கும் என்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் செய்த உருப்படி காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். விறகும் நனைந்திருக்கும். ஆர்டர் கொட்டும் மாதமும் சூளை அணைந்திருக்கும் மாதமும் ஒன்றே. கடைக்காரருக்கு மொத்தமாகப் போட்டபோது இது உங்கள் பிரச்சினை அல்ல, அவர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். இனி அது உங்கள் தலையில். சித்திரை வெயிலிலிருந்தே கார்த்திகை விளக்கைச் செய்து, சுட்டு, எண்ணி அடுக்கிவிட வேண்டும். அதற்கு ஐந்தாறு மாதம் பணம் முடங்கும், இடமும் வேண்டும். வெப்சைட்டுக்கு ஒதுக்கிய பணத்தின் உண்மையான வேலை இங்கேதான். மழை மாதங்களில் பெட்டிகளைத் தரையில் அடுக்காதீர்கள். ஈரம் ஏறிய அட்டை கையில் எடுக்கும்போதே தொய்யும், சோதனையில் தேறிய பெட்டி அப்போது தேறாது.

எத்தனை விதமான பொருள் வைப்பது? பத்துப் பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு, ஒரே பெட்டி. ‘கேட்டால் செய்து தருவோம்’ என்று நாற்பது படம் போட்டால், நாற்பது அளவுப் பெட்டிக்கு எங்கே போவீர்கள்? படம் எடுக்கக் கேமரா வேண்டாம், வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சமும் போனும் போதும். ஒரு படத்தில் கட்டாயம் யாராவது அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும். ‘படத்தில் பெரிசா இருந்துச்சு’ என்பதுதான் இந்த வியாபாரத்தில் உடைசலுக்கு அடுத்த புகார். உயரத்தை செ.மீ., அங்குலம் இரண்டிலும் எழுதுங்கள். ஒரே சூளையில் வெந்தாலும் நிறம் சற்று முன்பின் இருக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது வெப்சைட். ஆறு மாதத்துக்கு வாட்ஸப் பிசினஸில் கேட்டலாக்கும் யுபிஐயும் போதும். வாரத்துக்குப் பத்து ஆர்டர் நிலையாக வரத் தொடங்கினால் ஜோஹோ காமர்ஸ், ஷாப்பிஃபை மாதிரி மாதச் சந்தாவில் கிடைக்கும் கடைக்குப் போங்கள். தனியாக எழுதி வாங்கும் வெப்சைட் உங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். யாரிடம் செய்தாலும் டொமைன் பெயர் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில், உங்கள் பெயரில் பதிவாகட்டும். பேமென்ட் கேட்வே உங்கள் வங்கிக் கணக்கோடு இணையட்டும். செய்து கொடுத்தவர் பெயரில் டொமைன் இருந்து, அவர் போனை எடுக்காமல் போய், கடையின் பெயரையே மாற்றியவர்கள் உண்டு. கேட்வேகாரர்கள் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தொடர்பு முகவரி எல்லாம் எழுதிய பக்கங்களைக் கேட்பார்கள். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் விற்பவரின் பெயர், முகவரி, புகார் கேட்கும் அலுவலர் யார் என்பதை வெளிப்படையாகப் போடச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் கடையில் அந்த அலுவலரும் நீங்கள்தான்.

உடைந்துவிட்டது என்று படம் அனுப்புகிறவரிடம் வாதாடாதீர்கள். பெட்டியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உடனே வேறு அனுப்பிவிடுங்கள். மண்பாண்டம், கண்ணாடிக்குப் பல கூரியர்கள் இழப்பீடு தருவதில்லை, அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. அந்தப் படத்தை மட்டும் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பொருள், எந்தப் பெட்டி, எந்தப் பின்கோடு, எங்கே உடைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், மூன்று மாதத்தில் பெட்டியை எங்கே மாற்ற வேண்டும் என்று நோட்டே சொல்லிவிடும். ஏமாற்றுகிறவர் ஒருவர் இருவர் வருவார். இருபதுக்கு ஒன்று என்று வைத்த கணக்கில் அவர்களும் அடக்கம்.

வீட்டு விஷயம் ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, சொல்ல வேண்டியிருக்கிறது. கடை யார் பெயரில்? உங்கள் பெயரில் என்றால், மாமனாரிடம் சரக்கை விலைக்கு வாங்குங்கள். குதிரைக்கு 400 என்றால் 400, விற்றால் தருகிறேன் என்று இல்லாமல் வாங்கும்போதே. ஒரு நோட்டில் கையெழுத்தோடு. குடும்பத் தொழிலில் மண் மிதிப்பவர், குழைப்பவர், வண்ணம் பூசுபவர் யாருக்கும் கூலி எழுதுவது கிடையாது. அவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பெண்களாக இருப்பார்கள், பெயர்கூட வெளியில் வராது. அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் ‘நல்ல லாபம்’ என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, ஓரகத்திக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வந்த பிறகு உட்கார்ந்து பேசுவது கஷ்டம். கூலியையும் சேர்த்தால் குதிரை 400-க்குக் கட்டாது என்று தெரியவந்தால், டவுன் கடைக்கும் விலையை ஏற்ற வேண்டியிருக்கும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பானும் போதும். அதற்கு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு: இந்த வருடம் வேண்டாம். ஒரு கொலு, ஒரு கார்த்திகை இரண்டையும் வேலையில் இருந்துகொண்டே பாருங்கள். அந்த நான்கு மாதத்தில் கையில் நின்ற பணத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், ஏனென்றால் மாசி முதல் ஆனி வரை ஆர்டர் மெலிந்துதான் இருக்கும். வகுத்து வந்த தொகை உங்கள் மாதச் சம்பளத்தை எட்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அண்ணனிடம் காட்ட இப்போதைக்கு அந்தச் சோதனைப் பெட்டி ஒன்று போதும், மேசையிலிருந்து அவரையே தள்ளிவிடச் சொல்லுங்கள்.